ஃப்ளைட் லாக் ஃபோல்டரை முழுசாக யாருக்கும் அனுப்பாதீர்கள்: ட்ரோன் வைத்திருப்பவர்களுக்கு என் அனுபவம்

நான் தாராபுரம் பக்கம் கல்யாணம், சீர், காதுகுத்து, வளைகாப்பு என்று வீடியோ எடுத்துப் பிழைப்பவள். 2021-ல் நகையை அடகு வைத்து ஒரு சின்ன ட்ரோன் வாங்கினேன். 250 கிராமுக்கும் குறைவான எடை. எங்கள் பக்கம் வீடுகள் ஊருக்குள் இருப்பதைவிடத் தோட்டங்களுக்குள் தனித்தனியாக இருப்பது அதிகம். தென்னந்தோப்புக்கு நடுவே ஓட்டு வீடு, முன்னால் களம், களத்தில் பந்தல். மேலிருந்து எடுத்தால் அவ்வளவு அழகாக வரும். அந்த ஷாட்டுக்காகவே என்னைக் கூப்பிட்டவர்கள் நிறைய. போன வருடம் அந்தத் தோட்டத்து வீடுகளை வைத்தே எனக்கு ஒரு பெரிய தொல்லை வந்தது. அது நடந்துகொண்டிருந்தபோது தமிழில் தேடித் தேடிப் பார்த்தேன். எந்த ட்ரோன் வாங்கலாம், எப்படிப் பறக்கவிடலாம் என்று ஆயிரம் வீடியோ இருந்தது. ஆனால் ட்ரோன் ஆப் நம் போனுக்குள் என்னென்ன எழுதி வைக்கிறது (அந்தப் பதிவைத்தான் ஃப்ளைட் லாக் என்கிறோம்), அது வெளியே போனால் யார் மாட்டிக்கொள்வார்கள் என்று நம் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்கிற மாதிரி ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். என் ட்ரோன் எந்தக் கம்பெனி, எந்தக் கடையில் சரி செய்தேன் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். எந்தக் கம்பெனி ட்ரோன் வைத்திருந்தாலும் இது பொருந்தும்.

காங்கேயம் பக்கம் ஒரு ரிசெப்ஷனில் ஆரம்பித்தது. மண்டபத்துக்கு மேலே நின்றுகொண்டிருந்த ட்ரோன் திடீரென்று ஒரு பக்கம் சாய்ந்து கார் நிறுத்தும் இடத்தில் விழுந்தது. யார் மேலும் படவில்லை, அந்த மட்டும் சாமி காப்பாற்றியது. ஒரு கை உடைந்து, கேமரா தொங்கிக்கொண்டிருந்தது. கோயம்புத்தூரில் சர்வீஸ் கடையில் காட்டினேன். பதினேழாயிரத்து ஐந்நூறு ஆகும் என்றார்கள். மோட்டாரில் கோளாறு என்று நிரூபித்தால் குறையும், நான் மோதியிருந்தால் குறையாது, "லாக் எடுத்துட்டு வாங்க மேடம், அதுல தெரிஞ்சிரும்" என்றார்கள். ஆப்பில் பறந்த வரலாறு மேப்பில் கோடு கோடாக வரும், அது எனக்குத் தெரியும். அதற்குப் பின்னால் ஒரு ஃபைல் இருக்கிறது, அதை எடுக்க முடியும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் இருக்கும் போட்டோகிராபர் வாட்ஸ்ஆப் குரூப்பில் கேட்டேன். விவரம் தெரிந்த ஒரு அண்ணன் உடனே பதில் போட்டார்: "போன்ல ஃப்ளைட் ரெக்கார்டுன்னு ஒரு ஃபோல்டர் இருக்கும் பாருங்க சிஸ்டர். அதை அப்படியே ஜிப் பண்ணி இங்க போடுங்க. எந்த ஃபைல்னு நான் பாத்துச் சொல்றேன்." போட்டேன். அவர் அன்று ராத்திரியே உட்கார்ந்து பார்த்து, விழுவதற்கு முந்தைய நொடியில் மோட்டார் பிழை பதிவாகியிருப்பதைக் காட்டிக் கொடுத்தார். அதை வைத்துப் பேசியதில் பாதிக்கும் மேல் செலவு குறைந்தது. அந்த அண்ணன் மேல் எனக்கு இன்றைக்கும் நன்றிதான். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. குரூப்பில் எல்லோரும் அப்படித்தான் கேட்கிறார்கள், எல்லோரும் அப்படித்தான் போடுகிறார்கள்.

சில வாரம் கழித்து, நான் முன்பு கல்யாணம் எடுத்த ஒரு வீட்டு அம்மா கூப்பிட்டார். மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டுப் புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் தோட்டத்தில் இருக்கிறார்கள். "அம்மிணி, எங்க சாளை எங்க இருக்குதுன்னு யாருகிட்டயாச்சும் சொன்னியா?" என்றார். சாளை என்றால் எங்கள் பக்கம் தோட்டத்து வீடு. இல்லீங்களே என்றேன். இரண்டு பையன்கள் பைக்கில் வந்தார்களாம். மெயின் ரோட்டிலிருந்து உள்ளே மண் தடத்தில் ஒன்றரைக் கிலோமீட்டர் வர வேண்டும், யாரிடமும் வழி கேட்காமல் போனைப் பார்த்துக்கொண்டே நேராகக் களத்தில் வந்து வண்டியை நிறுத்தியிருக்கிறார்கள். "இங்க ட்ரோன் விட்டு கல்யாணம் எடுத்தாங்கல்லம்மா, நாங்களும் எடுக்கிறோம், ரேட் கம்மி" என்று கார்டு கொடுத்திருக்கிறார்கள். கல்யாணம் நடந்த மாதத்தைக்கூடச் சொல்லியிருக்கிறார்கள். மரியாதையாகத்தான் பேசினார்களாம். ஆனால் அந்த அம்மாவின் குரல் நடுங்கியது. காரணம் கொங்கு நாட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும். 2024 நவம்பரில் பல்லடம் பக்கம் தோட்டத்து வீட்டில் ஒரே குடும்பத்தில் மூன்று பேரைக் கொன்றார்கள். 2025 மே மாதத் தொடக்கத்தில், சிவகிரி பக்கம் தோட்டத்தில் தனியாக இருந்த வயதான தம்பதியைக் கொன்று நகையை எடுத்துப் போனது தெரியவந்தது. அதற்குப் பிறகு தோட்டத்தில் இருக்கும் பெரியவர்கள் ராத்திரி நாய் குரைத்தாலே தூங்குவதில்லை. அப்படிப்பட்ட நேரத்தில், தெரியாத இரண்டு பேர் வழி கேட்காமல் வீட்டு வாசலில் வந்து நின்றால் எப்படி இருக்கும்?

அதே வாரம் இன்னொரு வீட்டிலிருந்தும் அதே கதை வந்தது. அப்போதுதான் எனக்கு அந்த ஜிப் ஃபைல் ஞாபகம் வந்தது. லாக்கைப் படித்துக் காட்டும் இலவச இணையதளங்கள் இருக்கின்றன. நானே ஒரு ஃபைலை ஏற்றிப் பார்த்தேன். அதில் இருந்ததைச் சொல்கிறேன், ட்ரோன் வைத்திருப்பவர்கள் கவனமாகப் படியுங்கள். ஃபைலின் பெயரிலேயே தேதியும் நேரமும் இருக்கிறது. உள்ளே, ஒரு நொடிக்குப் பல தடவை என்ற கணக்கில், ட்ரோன் எங்கே இருந்தது என்று அட்சரேகை, தீர்க்கரேகை. உயரம், வேகம், ரிமோட்டில் எந்தக் குச்சியை எவ்வளவு தள்ளினேன், எப்போது போட்டோ எடுத்தேன், எப்போது வீடியோ ஓடியது, ட்ரோனின் சீரியல் எண், பேட்டரி நிலை. எல்லாவற்றுக்கும் மேலாக ஹோம் பாயின்ட். ட்ரோன் கிளம்பிய இடம், அதாவது நான் நின்ற இடம். கேமரா எதைப் பார்த்தது என்பதைத்தான் எல்லோரும் தனியுரிமை என்று பேசுகிறோம். கேமராவில் எதையும் பதிவு செய்யாமலே பறக்கவிட்டாலும் இந்தக் கணக்கு எழுதப்படுகிறது. ஒரு ஃபைலில் இருப்பது ஒரு வீடு. ஃபோல்டரில் இருப்பது நான் நான்கு வருடமாகப் போன அத்தனை வீடும், எந்தத் தேதியில் அந்த வீட்டில் விசேஷம், அதாவது எந்தத் தேதியில் வீட்டில் நகை இருந்தது என்பதும். எனக்குக் கை கால் ஓடவில்லை.

அன்று ராத்திரி இன்னொன்றும் புரிந்தது. புது இறக்கை மாட்டினாலும், ஆப் அப்டேட் ஆனாலும் நான் சோதித்துப் பார்ப்பது எங்கள் வீட்டு மொட்டை மாடியில்தான். அந்த ஃபோல்டரில் அதிகத் தடவை வரும் ஹோம் பாயின்ட் எங்கள் மாடி. அது யார் வீடு என்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டாம். முகூர்த்த நாளில் நான் வெளியூரில் இருப்பேன், அம்மா தனியாக இருப்பார் என்பதையும் அதே ஃபைல்கள் சொல்லிவிடும். வாடிக்கையாளர்களுக்காகப் பயந்த பயம் போதாதென்று இதுவும் சேர்ந்துகொண்டது. இதை யாரிடம் சொல்வது என்றும் தெரியவில்லை. அம்மாவிடம் சொன்னால் பயப்படுவார், தொழிலில் சொன்னால் இருக்கிற ஆர்டரும் போகும்.

வெளியே போனதைத் திரும்ப எடுக்க முடியுமா என்று பார்த்ததில் பல வாரம் போயிற்று. வாட்ஸ்ஆப்பில் எல்லோருக்குமாக அழிக்கும் வசதி இரண்டரை நாள் வரைதான். அதைத் தாண்டிவிட்டது. அட்மினிடம் கேட்டேன், அவர் குரூப்பில் எல்லோரையும் அழிக்கச் சொல்லிப் போட்டார். அதற்கு மேல் அவரால் முடிந்தது ஒன்றும் இல்லை. டவுன்லோட் செய்தவர் கையில் இருப்பது இருப்பதுதான். லாக் படிக்கும் இணையதளத்தில் நான் ஏற்றிய ஃபைலை அழித்து, கணக்கையும் மூடினேன். அங்கே ஒரு விஷயம்: பல இணையதளங்களில் ஏற்றிய லாக்கைப் பகிரும் சுட்டி யார் கையில் கிடைத்தாலும் திறக்கும். ஏற்றும்போதே அது தனிப்பட்டதா பொதுவா என்று பார்த்துவிடுங்கள். ட்ரோன் ஆப்பின் கணக்கில் லாக்குகள் தானாகக் கம்பெனி சர்வருக்கு ஏறும் வசதி ஆன் ஆகியிருந்தது. எப்போது ஆன் ஆனது என்பது எனக்கு ஞாபகமில்லை. முதல் நாள் வரிசையாக வந்த சம்மதங்களில் ஒன்றாக இருந்திருக்கலாம். சர்வரில் இருப்பதை அழிக்கச் சொல்லி மெயில் போட்டால் சீரியல் எண், வாங்கிய பில், அடையாள அட்டை கேட்டார்கள். இருக்கிற விவரத்தை அழிக்க இன்னும் விவரம் கொடுக்க வேண்டியிருக்கிறதே என்று ஆத்திரமாக வந்தது. ஆனால் யாரோ ஒருவர் என் பெயரில் கேட்டு என் கணக்கை அழித்துவிடக் கூடாது என்பதும் நியாயம்தான். இந்த மாதிரி இடத்தில் முழு ஆதாரைக் கொடுக்காதீர்கள். கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற மறைக்கப்பட்ட ஆதார் அரசு இணையதளத்திலேயே டவுன்லோட் செய்யலாம். அதைத்தான் அனுப்பினேன். அழித்துவிட்டோம் என்று கடைசியில் பதில் வந்தது.

போலீஸ் ஸ்டேஷனுக்கும் போனேன். திருட்டு இல்லை, மிரட்டல் இல்லை, ஃபைலை நானே கொடுத்திருக்கிறேன், எந்தப் பிரிவில் எழுதுவது என்று எஸ்.ஐ. யோசித்தார். திட்டவில்லை, விரட்டவில்லை. மனுவாக எழுதிக் கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார். அந்த இரண்டு வீட்டு விலாசத்தையும் ரோந்துப் போலீசுக்குச் சொல்வதாகவும் சொன்னார். அந்த ரசீதை வாங்கி வைத்தது நல்லதாகப் போயிற்று. பின்னால் யாராவது ஏதாவது கேட்டால் காட்ட ஒரு காகிதம் இருக்கிறது. கார்டில் இருந்த எண்ணுக்குப் போலீசார் கூப்பிட்டுப் பேசினார்கள். ஃபைலை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை என்று அந்தப் பையன்கள் சொன்னார்கள். அதை எவ்வளவு தூரம் நம்புவது என்று எனக்கு இன்றும் தெரியாது.

எனக்குக் கஷ்டமாக இருந்தது வாடிக்கையாளர்களுக்குச் சொன்னதுதான். மறைத்திருக்கலாம். ஆனால் அந்த அம்மாவின் குரலைக் கேட்ட பிறகு மறைக்க மனசு வரவில்லை. தோட்டத்தில் தனியாக இருக்கும் வீடுகளுக்கு முதலில் நேரில் போனேன், மற்றவர்களுக்குப் போன் செய்தேன். என்ன வெளியே போனது, என்ன போகவில்லை என்று பிரித்துச் சொன்னேன். வீடு இருக்கும் இடம் போயிருக்கிறது, வீடியோ போகவில்லை, போன் நம்பர் போகவில்லை. சிலர் கேட் போட்டார்கள், சிலர் கேமரா வைத்தார்கள். ஒரு பெரியவர் "நீயா வந்து சொன்னதே போதும் கண்ணு" என்றார். அதே சமயம் ஆவணியில் பேசியிருந்த இரண்டு கல்யாணம் கை மாறிப் போயின. அட்வான்ஸ் முப்பத்தைந்தாயிரத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த இரண்டிலும் வந்திருக்க வேண்டிய மிச்சப் பணமும் போயிற்று. கோபித்துக்கொண்டவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர்கள் வீடு, அவர்கள் பயம்.

இதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். இது எனக்கு மட்டும் நடந்த விஷயம் இல்லை, உலகம் முழுக்கப் பல வருடமாகப் பேசுகிறார்கள். உலகத்தில் அதிகம் விற்கும் ட்ரோன் டி.ஜே.ஐ. என்பதால் ஆராய்ச்சியெல்லாம் பெரும்பாலும் அதைச் சுற்றித்தான். 2017-ல் அமெரிக்க ராணுவம் பாதுகாப்புக் காரணம் சொல்லி அந்த ட்ரோன்களை நிறுத்தியது. அதே வருடம் அந்தக் கம்பெனி, ஆப்பை இணையத்திலிருந்து துண்டித்துப் பறக்கவிடும் ‘லோக்கல் டேட்டா மோட்’ என்ற வசதியைக் கொண்டுவந்தது. 2018-ல் செக் பாயின்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம், பயனர் கணக்குக்குள் வெளியாள் புகுந்து லாக்கையும் படங்களையும் பார்க்க வழி இருந்ததை வெளியிட்டது. வெளியிடும் முன்பே ஓட்டை அடைக்கப்பட்டிருந்தது. 2020 ஜூலையில் சினாக்டிவ், கிரிம் என்ற இரண்டு நிறுவனங்கள் அந்தக் கம்பெனியின் ஒரு ஆண்ட்ராய்டு ஆப்பைப் பிரித்துப் பார்த்தன. ப்ளே ஸ்டோரைத் தாண்டித் தன்னைத்தானே அப்டேட் செய்துகொள்ளும் ஏற்பாடும், போனின் தனி அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ., சிம் கார்டின் வரிசை எண் போன்றவற்றைச் சேகரிக்கும் வேறொரு நிறுவனத்தின் மென்பொருள் துண்டும் உள்ளே இருந்தன என்று சொன்னார்கள். தவறான நோக்கம் எதுவும் இல்லை என்று கம்பெனி மறுத்தது. அந்தத் துண்டு அதற்கு முன்பே எடுக்கப்பட்டிருந்தது. 2024 ஜூனில் அமெரிக்கப் பயனர்களுக்கு லாக் சர்வருக்கு ஏறும் வசதியையே நிறுத்திவிட்டார்கள். அங்கே கேள்வி கேட்டார்கள், மாற்றம் வந்தது. இங்கே நாம் கேட்கவே ஆரம்பிக்கவில்லை என்பதுதான் என் ஆதங்கம். 2022 பிப்ரவரியில் வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதியை நம் அரசு தடை செய்தது. அதற்கு முன்பு வாங்கிய பழைய ட்ரோன்களும், கை மாறி வரும் ட்ரோன்களும்தான் நம் கல்யாண வீடுகளில் இன்னும் பறக்கின்றன. பழைய ட்ரோன், பழைய போன், அப்டேட் ஆகாத ஆப் என்றால் ஆபத்து இன்னும் கூடுதல். ஆண்ட்ராய்டு 10 முதல் சாதாரண ஆப்கள் ஐ.எம்.இ.ஐ.யைப் படிக்க முடியாது, அதற்கு முந்தைய போனில் அந்தப் பாதுகாப்பு இல்லை.

இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன். ட்ரோனுக்கென்றே நாலாயிரத்துக்கு ஒரு பழைய போன் வாங்கினேன், ஆண்ட்ராய்டு 10-ஓ அதற்கு மேலோ இருக்கிறதா என்று பார்த்துத்தான். சிம் கிடையாது, என் மெயில், போட்டோ, காண்டாக்ட் எதுவும் அதில் கிடையாது. ஆப்பையும் கம்பெனியின் சொந்த இணையதளத்திலிருந்துதான் இறக்குகிறேன். சில ட்ரோன் ஆப்களின் ஆண்ட்ராய்டு பதிப்பு ப்ளே ஸ்டோரில் இல்லாததால் குரூப்பில் யாராவது அனுப்பும் ஃபைலைப் போட்டுக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது, அதை விட்டுவிடுங்கள். ஆப்புக்கு லொகேஷன் அனுமதி கொடுத்துத்தான் ஆக வேண்டும், பயன்படுத்தும்போது மட்டும் என்று கொடுங்கள். காண்டாக்ட் கேட்டால் மறுத்துவிடுங்கள், ட்ரோன் அது இல்லாமலே பறக்கும். மைக்கும் அப்படியே, போனில் சத்தம் பதிய வேண்டியிருந்தால் மட்டும் கொடுங்கள். லாக் சர்வருக்கு ஏறுவதை செட்டிங்கில் நிறுத்திவிட்டேன். அப்டேட்டுக்குப் பிறகு ஒரு தடவை திறந்து பார்ப்பதும் வழக்கமாகிவிட்டது. இணையம் இல்லாமல் பறக்கவிட்டால் மேப் வராது, அவ்வளவுதான். திரும்பி வரும் வசதி ட்ரோனில் இருக்கும் ஜி.பி.எஸ்ஸை வைத்து நடப்பதால் அதற்குக் குறை இல்லை. ஆனால் தடை செய்யப்பட்ட பகுதிகளின் விவரம் பழையதாகிவிடும் என்பதால், கிளம்பும் முன்பு, எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை மேப்பை வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறேன்.

இதைவிட நம் தொழிலில் அதிகம் கசிவது மெமரி கார்டு வழியாக. வீடியோவோடு சேர்ந்து எஸ்.ஆர்.டி. என்று ஒரு சின்ன ஃபைல் இருக்கும், அழித்துவிடலாமா என்று எடிட்டர்கள் கேட்பார்களே, அதை நோட்பேடில் திறந்து பாருங்கள். வரிக்கு வரி இடமும் உயரமும் இருக்கும். ஆப்பில் வீடியோ சப்டைட்டிலை ஆஃப் செய்தால் அது உருவாகாது. போட்டோவுக்குள் ஜி.பி.எஸ். விவரம் தனியாக ஒட்டிக்கொண்டிருக்கும். வாட்ஸ்ஆப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது போய்விடும், டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே போகும். ஒரிஜினல் குவாலிட்டி வேண்டும் என்று நாம் எல்லோரும் டாக்குமென்டாகத்தானே அனுப்புகிறோம்? ரா ஃபுட்டேஜை வெளி எடிட்டருக்குக் கொடுக்கும்போது இப்போது வீடியோ ஃபைல்களை மட்டும் வேறு கார்டில் போட்டு, மெட்டாடேட்டாவை, அதாவது ஃபைலுக்குள் ஒட்டியிருக்கும் இடம், நேரம் போன்ற விவரத்தை, நீக்கித்தான் கொடுக்கிறேன். நீக்குவதற்கு இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. மொட்டை மாடியில் சோதிப்பதையும் விட்டுவிட்டேன். ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்தில் லீவு நாளில் கேட்டுக்கொண்டு போகிறேன்.

சட்டத்தைப் பற்றியும் ஒன்று. தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது, விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்களுக்கான முக்கியக் கடமைகள் அதிலிருந்து பதினெட்டு மாதம் கழித்துத்தான் அமலுக்கு வருகின்றன. என்னைப் பற்றிய விவரத்தை அழிக்கச் சொல்லிக் கேட்கும் உரிமை அதில் இருக்கிறது. நாம் தொழிலாகச் செய்வதால், வாடிக்கையாளர் விவரத்துக்கு நமக்கும் பொறுப்பு உண்டு என்றுதான் நான் படித்துப் புரிந்துகொண்டேன். அதனால் ஆர்டர் எடுக்கும் காகிதத்திலேயே ஒரு வரி சேர்த்துவிட்டேன்: ட்ரோன் பறந்த இடத்தின் பதிவு ஆல்பம் கொடுத்து முடிந்ததும் அழிக்கப்படும். ஆல்பம் கொடுத்த அன்றைக்கே அந்த வீட்டு லாக்கை போனிலிருந்து அழித்துவிடுகிறேன். போனை விற்பவர்கள், எக்ஸ்சேஞ்சில் கொடுப்பவர்கள் ஆப்பை நீக்கினால் போதும் என்று நினைக்காதீர்கள், முழுசாக ரீசெட் செய்யுங்கள். ட்ரோனை விற்பதானால் கணக்கிலிருந்து அதைப் பிரித்துவிட்டு, உள் மெமரி இருந்தால் அதையும் ஃபார்மேட் செய்த பிறகு கொடுங்கள்.

எங்கள் குரூப் அட்மினிடம் பேசி ஒரு அறிவிப்பை மேலே பின் செய்ய வைத்தேன். உங்கள் குரூப்பிலும் போடச் சொல்லுங்கள், வேண்டுமானால் இதையே எடுத்துக்கொள்ளுங்கள்: "ட்ரோன் விழுந்துவிட்டால் லாக் கேட்பவர்கள், விழுந்த தேதியின் ஒரே ஒரு ஃபைலை மட்டும் கேட்கவும். குரூப்பில் போட வேண்டாம், பார்த்துச் சொல்பவருக்கு மட்டும் தனியாக அனுப்பவும். பார்த்து முடித்ததும் இருவரும் அழிக்கவும். ஃபோல்டரை ஜிப் செய்து போட்டால் அட்மின் உடனே நீக்குவார். அதில் இருப்பது நமக்குச் சோறு போட்டவர்களின் வீட்டு வழி."